அப்பாவின் தொடையிடுக்குக் குடலிறக்கம்: வலை வைத்துத் தைப்பது குறித்து ஆலோசனை தேவை

கீழவீதி (இழையைத் தொடங்கியவர்)

என் தந்தைக்கு வயது 58. நெல் அரவை ஆலையில் முப்பது ஆண்டுகளாக மூட்டை தூக்கியவர். நான்கு ஆண்டுகளாக அவருக்கு வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் இருக்கிறது. நின்றாலும் இருமினாலும் வெளியே வரும். படுத்தால் தானாக உள்ளே போய்விடும். ஊரில் இதை ஓதம் (விதை வீக்கம்) என்று சொல்லிவிட்டார்கள் என்பதால், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். சென்ற மாதம் மாலை வேளைகளில் இழுத்துப் பிடிப்பது போன்ற வலி வரத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் வாய் திறந்தார்.

அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, இது குடலிறக்கம் (வயிற்றுச்சுவரின் பலவீனமான இடம் வழியாகக் குடல் வெளியே தள்ளுவது), முதுகில் ஊசி போட்டுத் திறந்த முறையில் அறுவை செய்து வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று கூறினார். அதைக் கேட்ட நாள் முதல் என் சித்தப்பா, "உடம்புக்குள்ளே பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்களா, அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடக்கிறது" என்று காணொளிகளை அனுப்பியபடி இருக்கிறார். அறுவை இல்லாமல் காலம் தள்ள முடியுமா, வலை கட்டாயம் வேண்டுமா, துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி இதைவிட மேலானதா என்பவை என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற கத்தி

தம்பி, நான் அரசு மருத்துவமனைகளில் பொது அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தந்தையை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அறுவை இல்லாமல் காத்திருக்கலாமா என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொந்தரவு மிகக் குறைவாக இருந்த 720 ஆண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை செய்து, மற்றொரு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளிவந்தது. காத்திருந்தவர்களில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகத்தான். ஆகவே "நாளைக்கே குடல் அழுகிவிடும்" என்று யாராவது பயமுறுத்தினால் அதை நம்ப வேண்டாம். ஆனால் அதே ஆட்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, காத்திருந்தவர்களில் 68 விழுக்காட்டினர் எப்படியும் அறுவைக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலோர் வந்தது வலி தாங்காமல். உங்கள் தந்தைக்கு வலி ஏற்கெனவே தொடங்கிவிட்டது, தொழிலோ மூட்டை தூக்குவது. அவர் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டிருக்கவே மாட்டார். செய்துகொள்வதுதான் நல்லது.

வலை எதற்கு என்பது அடுத்த கேள்வி. நைந்துபோன வேட்டியில் விழுந்த கிழிசலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துத் தைத்தால், நான்கு நாளில் தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் கிழியும். ஒட்டுப் போட்டுத் தைத்தால் நிற்கும். 1880களில் இத்தாலியின் பதுவா நகரில் எதுவார்தோ பாசினி வகுத்த முறை, தசையைக் கீழே இழுத்துத் தசைநாரோடு சேர்த்துத் தைப்பது. அதற்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் அது பெரிய பாய்ச்சல். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் உலகம் அதைத்தான் செய்தது. (இளம் வயதில் ரோமுக்கு அருகே நடந்த சண்டையில் பாசினிக்கே தொடையிடுக்கில் துப்பாக்கிமுனைக் கத்தியால் காயம் பட்டு, குடல் கிழிந்து பிழைத்தவர் அவர்.) ஆனால் அவருடைய தையல் இழுவிசையோடு நிற்கிறது, நோயாளி இருமும் ஒவ்வொரு முறையும் அது அறுக்கப் பார்க்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1984இல் இந்த இழுவையையே ஒழித்தார். தசையை இழுக்காமல், பலவீனமான இடம் முழுவதையும் மூடும்படி பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாலான வலையை விரித்துத் தைத்தார். 1989இல் அவரும் சகாக்களும் ஆயிரம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையான காலத்தில் ஒருவருக்குக்கூட மறுபடி இறங்கவில்லை என்று எழுதினார்கள். மற்றவர்கள் கையில் அந்தப் பூச்சியம் பூச்சியமாகவே நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உங்கள் மருத்துவர் சொன்ன அறுவை அதுதான்; உலகில் மிக அதிகம் ஆராயப்பட்ட அறுவைகளில் ஒன்று.

லேப்ராஸ்கோப்பி பற்றி இரவு எழுதுகிறேன். இருமலும் முக்குவதும் வயிற்றை அழுத்திக் குடலை வெளியே தள்ளும் என்பதால், அதற்குள் இரண்டு தகவல் வேண்டும்: பீடி உண்டா? சிறுநீர் முக்கித்தான் போகிறதா?


கீழவீதி

மிக்க நன்றி ஐயா. பீடி உண்டு, நாளைக்கு ஒரு கட்டு. சிறுநீர் கழிக்க இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறார் என்று அம்மா சொல்கிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.


தையல்பெட்டி

நான் அறுவை அரங்கில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருப்பவள். இந்த அறுவைக்கு எத்தனை முறை கருவி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எண்ணியதில்லை. வலை என்றதும் மக்கள் மீன்வலை போன்ற ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்பதால், பார்த்ததைச் சொல்கிறேன்.

உறையைப் பிரித்தால் ஒரு கைக்குட்டையின் பாதியளவில், வெள்ளையாக, கொசுவலைத் துணியைப் போலச் சற்று விறைப்பாக இருக்கும். பெரும்பாலும் ஏழரைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவு. தொடையிடுக்கு மடிப்புக்குச் சற்று மேலே விரல் நீளத்துக்குத்தான் வெட்டு. தோலையும் கொழுப்பையும் தாண்டியதும் பளபளவென்று வெள்ளையாக ஒரு நார்த்தகடு தெரியும். அதைத் திறந்த உடனே அடியில் ஒரு நரம்பு வெள்ளைநூல் போல ஓடும். நல்ல மருத்துவர் அந்த இடத்தில் கையை நிறுத்துவார். நரம்பை ஒதுக்கிவிட்டுத்தான் விந்துத்தண்டை (விதைக்குச் செல்லும் குழாயும் இரத்தநாளங்களும் சேர்ந்த கயிறு) தூக்கி நாடா மாட்டி, இறங்கிய பையைப் பிரித்து உள்ளே தள்ளுவார்.

பிறகு வலையின் ஒரு முனையை வட்டமாகக் கத்தரித்து, பியூபிக் எலும்பின்மீது (இடுப்பின் முன்பக்க எலும்பு) இரண்டு சென்டிமீட்டர் ஏறி உட்காரும்படி வைப்பார்கள். எலும்பின் மேலுறையில் ஊசி ஏறக் கூடாது. ஏறினால் அதுவே வலிக்குக் காரணமாகும். கீழோரத்தைத் தசைநாரோடு ஓட்டுத்தையலாகத் தைத்து, மறுமுனையை வால்போல இரண்டாகப் பிளந்து, விந்துத்தண்டை நடுவில் விட்டு, வால்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டுத் தைப்பார்கள். மேலோரத்துக்கு இரண்டு தையல் போதும். வலை முரசுத்தோல் போல இறுகி இருக்கக் கூடாது, சற்றுத் தொளதொளவென்று இருக்க வேண்டும். ஏனென்றால் படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது வயிறு முன்னே தள்ளும், வலையும் நாளடைவில் சுருங்கும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியோடும் இதைச் செய்யலாம். லிக்டன்ஸ்டைன் செய்ததே அப்படித்தான். "ஐயா, இருமுங்கள்" என்று சொல்லி, இருமும்போது தையல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும். நம் பக்கத்தில் முதுகு ஊசிதான் பழக்கமாகிவிட்டது.


வலதுபக்கம்

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 34 வயதில், ஒரு தனியார் மருத்துவமனையில் இதே அறுவை எனக்குச் செய்யப்பட்டது. குடலிறக்கம் திரும்ப வரவில்லை, உண்மைதான். ஆனால் பைக்கை உதைக்கும்போதும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும்போதும், தொடையின் உட்பக்கமாக மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வெட்டு வரும். லுங்கி உரசினாலே எரியும். ஆறு மாதம் மருத்துவரிடம் நடந்தேன். தையல் ஆறிவிட்டது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, நீங்கள்தான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்கள். கடைசியில் வேறு ஊரில் வலி மருத்துவர் ஒருவர், இடுப்பெலும்பின் முனைக்குப் பக்கத்தில் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போக வைத்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அன்று வலியில்லாமல் மாடிப்படி ஏறினேன். வலி கற்பனை இல்லை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. இப்போது பாதி குறைந்திருக்கிறது.

வலை வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. இப்படி நடக்கக்கூடும் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதுதான் என் மனக்குறை.


ஓய்வுபெற்ற கத்தி

வலதுபக்கம் எழுதியதை ஒவ்வொரு நோயாளியும் அறுவைக்கு முன்பே படிக்க வேண்டும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. மறுபடி இறங்கியதா இல்லையா என்பது ஒன்றே எங்கள் கணக்கு. மறுபடி இறங்குவது குறைந்த பிறகுதான், வலி என்ற செலவு கண்ணில் பட்டது.

2018இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி நூற்றில் பத்து முதல் பன்னிரண்டு பேருக்கு வருகிறது என்கின்றன. அன்றாட வேலையையே முடக்கும் வலி அதில் ஒரு சிறு பங்கினருக்குத்தான். ஆனால் அந்தப் பங்கில் இருப்பவருக்கு விழுக்காட்டால் ஆறுதல் கிடைக்காது. இளம் வயது, அறுவைக்கு முன்பே கடுமையான வலி, உடலில் வேறெங்கோ நாட்பட்ட வலி, பெண்ணாக இருத்தல் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. 34 வயது என்பதும் அந்தப் பட்டியலில் ஓர் அடையாளம்.

இந்த இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன: இலியோஇங்குவினல், இலியோஹைப்போகாஸ்ட்ரிக், ஜெனிட்டோஃபெமொரல் நரம்பின் ஒரு கிளை. தையலில் ஒன்று சிக்கினாலும், வலையின் ஓரத்தில் ஒட்டினாலும் வலதுபக்கம் சொன்ன, மின்சாரம் பாய்வது போன்ற வலி வரும். ஆகவே உங்கள் மருத்துவரிடம் வலையின் விலையைக் கேட்பதற்கு முன்பு, "மூன்று நரம்பையும் தேடிப் பார்த்துத்தான் தைப்பீர்களா ஐயா?" என்று பணிவாகக் கேளுங்கள். முகம் சுளிக்கிறவரைவிட, உட்கார வைத்து விளக்குகிறவர் நல்லவர். வலையின் கனம், ஒட்டும் வலை, தைக்கும் வலை என்று வணிகப் பிரதிநிதிகள் நிறையப் பேசுவார்கள். கண்ணி அகலமான இலேசான வலையில் உள்ளே ஏதோ இருப்பது போன்ற உணர்வு சற்றுக் குறைகிறது. அதற்கு மேல், விலைக்கு ஏற்ற மாற்றம் எதையும் நான் கண்டதில்லை.

வலதுபக்கம் தம்பிக்கு: ஊசிக்குக் குறைகிறது என்றால் நரம்புதான் காரணம் என்பது ஏறத்தாழ உறுதி. வலி மருத்துவரை விடாமல் பாருங்கள். எல்லாம் முயன்று பயனில்லை என்றால் அந்த நரம்புகளையே துண்டிக்கும் அறுவை இருக்கிறது. லிக்டன்ஸ்டைனுக்குப் பின் அவருடைய கழகத்தை நடத்திய பர்வீஸ் அமித் அதை வகுத்தார். ஆனால் அனுபவமுள்ள கையில் மட்டுமே.


ஐயப்படு

அப்படியானால் வலையே வேண்டாம் என்று ஏன் யாரும் சொல்வதில்லை? புனேயைச் சேர்ந்த மோகன் தேசர்தா, நோயாளியின் சொந்த நார்த்தகட்டிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்து, வலை வைக்கும் இடத்தில் தைக்கும் முறையை 2001இல் வெளியிட்டார். நம் நாட்டு மருத்துவரின் கண்டுபிடிப்பு. அந்நியப் பொருள் இல்லை, செலவும் இல்லை. வலை நிறுவனங்களின் வருமானம் போய்விடும் என்பதால்தான் இது பேசப்படவில்லை என்பது என் கருத்து. பெண்களுக்கு வைத்த வலைகளை அமெரிக்கா தடை செய்ததே, அதையும் மறந்துவிட வேண்டாம்.


ஸ்கார்பரோ மாமா

நான் இருபத்தெட்டு வருடமாகக் கனடாவில் இருப்பவன். வலையில்லாத முறையைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊரைச் சொல்லாமல் விட முடியாது. டொராண்டோவுக்கு வடக்கே தோர்ன்ஹில்லில் இருக்கும் ஷோல்டைஸ் மருத்துவமனை குடலிறக்கத்துக்கென்றே நடக்கிறது. எட்வர்ட் ஏர்ல் ஷோல்டைஸ் 1945இல் தொடங்கியது. வலையின்றி, நோயாளியின் தசை அடுக்குகளையே நான்கு வரிசையாக மடித்து மடித்துத் தைப்பார்கள். என் இடது பக்கத்தை 2011இல் அங்கேதான் செய்துகொண்டேன். மரத்துப்போகும் ஊசிதான், முடிந்ததும் மேசையிலிருந்து இறங்கி நடக்கச் சொன்னார்கள். இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எடை கூடியவர்களை அங்கே உடனே எடுக்க மாட்டார்கள்; குறைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். நான் ஐந்து கிலோ குறைத்துவிட்டுத்தான் போனேன். அங்கே இருப்பவர்கள் வருடம் முழுவதும் வேறு அறுவை செய்வதில்லை. அதே தையலை வாரத்துக்கு ஒன்று செய்பவரிடம் போட்டுக்கொண்டால் அதே பலன் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.


ஓய்வுபெற்ற கத்தி

ஸ்கார்பரோ மாமா என் வேலையைப் பாதியாக்கிவிட்டார். வழிகாட்டு நெறிகளும் வலையில்லாத முறைகளில் ஷோல்டைஸ்தான் சிறந்தது என்கின்றன. வலை வேண்டாம் என்று தெரிந்து கேட்கும் நோயாளிக்கு அது மதிப்பான வழி. தேசர்தா முறையும் கேலிக்குரியதன்று. சில ஒப்பீட்டு ஆய்வுகளில் வலைக்கு இணையாக நின்றிருக்கிறது. எனினும் நீண்டகாலச் சான்று வலைக்கு இருக்கும் அளவுக்கு அதற்கு இல்லை. தவிர, அவர் பயன்படுத்தும் நார்த்தகடே நைந்திருந்தால் பட்டை எங்கிருந்து வரும்? முப்பது ஆண்டு மூட்டையும் பீடியும் கண்ட உடம்பில் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

வலை எவ்வளவு உதவுகிறது என்பதையும் மிகைப்படுத்த வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2018இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலையின்றித் தைப்பதற்குப் பதிலாக 46 பேருக்கு வலை வைத்தால் அதில் ஒருவருக்கு மறுஇறக்கம் தவிர்க்கப்படுகிறது என்று கண்டது. மீதி 45 பேருக்கு எப்படியும் ஒன்றுதான். இது பெரிய நன்மையா சிறிய நன்மையா என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மறுஇறக்கத்துக்கு மறுபடி கத்தி வைப்பது முதல் அறுவையைப் போல எளிதன்று என்பதை மறக்கக் கூடாது.

பெண்களுக்கான வலை என்று நண்பர் ஐயப்படு சொல்வது, சிறுநீர்ப்பை, கருப்பை போன்ற இடுப்பு உறுப்புகளின் இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலைகளை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019இல் அவற்றின் விற்பனையைத்தான் நிறுத்தச் சொன்னது. வைக்கும் இடம் வேறு, திசு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காணொளி போடுபவர்களால்தான் கீழவீதியின் சித்தப்பா தூக்கம் கெடுகிறார்.

நிறுவனங்களின் வருமானம் பற்றிய அவருடைய ஐயத்தில் மட்டும் பாதி நியாயம் உண்டு. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற ஊரில் பணியாற்றிய டாக்டர் தோங்காவ்ன்கர், மருந்து தோய்க்காத சாதாரணக் கொசுவலையைத் துண்டாக்கிக் கிருமி நீக்கி ஏழை நோயாளிகளுக்கு வைத்தார். பலர் முகம் சுளித்தார்கள். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலைத் துண்டையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. ஓராண்டில் கொசுவலைப் பிரிவில் ஒருவருக்கு மறுபடி இறங்கியது, மற்றதில் யாருக்கும் இல்லை. சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்காக வீட்டுக் கொசுவலையை வெட்டி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டாம்.

லேப்ராஸ்கோப்பி: பழகிய கையில் வலி குறைவு, வேலைக்கு விரைவில் திரும்பலாம். இரண்டு பக்கமும் இருந்தாலும், திறந்த முறையில் செய்து மறுபடி இறங்கியிருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை, கற்றுத் தேற ஐம்பது நூறு அறுவைகள் ஆகும். ஒரு பக்கம், முதல் முறை, ஆண், உள்ளூரில் திறந்த முறையில் தேர்ந்த மருத்துவர் இருக்கிறார் என்றால் அதற்காக நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை.


மல்லிகைப்பந்தல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 67 வயது. தொடையிடுக்கு மடிப்புக்குக் கீழே, தொடைப் பக்கமாக நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. அமுக்கினால் உள்ளே போகவில்லை. அவருக்கும் காத்திருக்கலாம்தானே?


ஓய்வுபெற்ற கத்தி

காத்திருக்கக் கூடாது, அம்மா. பெண்களுக்கு மடிப்புக்குக் கீழே வருவது தொடைவழிக் குடலிறக்கமாக இருக்கலாம். அதன் வாய் குறுகலானது, குடல் நெரிபடும் ஆபத்து மிக அதிகம். மேலே நான் சொன்ன காத்திருப்புக் கணக்கு ஆண்களுக்கு மட்டுமே. இந்த வாரமே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, வயிறு உப்பினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.


கீழவீதி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அரசு மருத்துவமனையிலேயே அப்பாவுக்கு அறுவை முடிந்தது. ஐயா கேட்ட இரண்டு கேள்விகளும் எங்களுக்கு உதவின. புராஸ்டேட் வீக்கம் இருப்பதைக் கண்டு முதலில் மாத்திரை தொடங்கினார்கள். அப்படியிருந்தும் முதுகு ஊசிக்குப் பின் சிறுநீர் அடைத்துக்கொண்டு ஓர் இரவு குழாய் வைக்க வேண்டியிருந்தது. பீடியை மூன்று வாரம் நிறுத்தினார், இப்போது மீண்டும் கேட்கிறார்.

நரம்பைப் பற்றி நான் கேட்டதும் மருத்துவர் சிரித்துவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். தையலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கிறது என்கிறார் அப்பா, வலி இல்லை. முதல் வாரம் விதைப்பை கருநீலமாகிவிட்டதைப் பார்த்து நாங்கள் பதறினோம், அது தானாக வடிந்துவிட்டது. இப்போது மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்று அண்டை வீட்டார் எல்லோரும் சொல்கிறார்கள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. எதை நம்புவது?


ஓய்வுபெற்ற கத்தி

விதைப்பை கருத்தது கசிந்த இரத்தம் கீழே இறங்கியதால், பயமில்லை. மரத்த இடம் மாதங்கள் போகப் போகச் சுருங்கும், சிறிதளவு நிரந்தரமாகவும் இருக்கலாம். மூன்று மாதக் கணக்கு பாசினி காலத்துத் தையலுக்கு உரியது, வலைக்குப் பொருந்தாது. வலிக்காத வேலை எல்லாவற்றையும் அவர் இப்போதே செய்யலாம். மூட்டையை மட்டும், முதலில் பாதி எடையில் தொடங்கி, வலி எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கூட்டச் சொல்லுங்கள். பீடிக்கு என் அனுமதி கிடையாது. இருமல் நிற்க வேண்டும்.


வலதுபக்கம்

அந்தப் படத்தை வரைந்து காட்டிய மருத்துவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தத் தாளைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.